மேடைக்கு ஆள் உண்டு, விடைத்தாளுக்கு?

 

தாம்பரத்தில் ஒரு தம்பி இருக்கிறார். தந்தைக்கு மார்க்கெட் பக்கம் செருப்புக் கடை. பட்டப்படிப்பை முடித்துவிட்டு ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படித்தார். முதல்நிலைத் தேர்வில் அவர் தேறிய செய்தி வந்த வாரம், ஜும்ஆ பயானில் நானே அவர் பெயரைச் சொல்லி துஆச் செய்தேன். தெருமுனைக் கூட்டத்தில் சால்வை போர்த்தினோம். சுவரொட்டியும் ஒட்டினோம். அதோடு சரி! முதன்மைத் தேர்வு முடியும்வரை நம்மில் ஒருவர்கூட அவர் வீட்டுக் கதவைத் தட்டவில்லை.

முடிவு வந்தது. தம்பி தேறவில்லை. ஆறுதல் சொல்லப் போனேன். "எங்கே தவறியது தம்பி?" என்று கேட்டேன்.

"கேள்வியெல்லாம் தெரிந்த கேள்விதான் ஹஜ்ரத். எழுதி முடிக்கத்தான் முடியவில்லை. ஒரு தாளில் ஐந்து கேள்விகளைத் தொடவே இல்லை."

"வீட்டில் எழுதிப் பழகவில்லையா?"

"படித்துக்கொண்டே இருந்தேன். எழுதினால் யாரிடம் காட்டுவது ஹஜ்ரத்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பேச்சை மாற்ற, "எழுதுவது அவ்வளவு கஷ்டமா என்ன?" என்றேன். தம்பி சிரித்தார். ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார். "ஜகாத் வறுமையை ஒழிக்குமா? 150 சொற்கள், ஏழு நிமிடம். உங்களுக்குத் தெரிந்த தலைப்புதானே!"

ஜகாத்தைப் பற்றி ஒரு மணி நேரம் தாளைப் பார்க்காமல் பேசுகிறவன் நான். ஏழு நிமிடம் முடிந்தபோது தாளில் இருந்தவை: ஹம்து, ஸலவாத், உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) காலத்துச் சம்பவம் ஒன்று, அதுவும் பாதி. கேட்ட கேள்விக்கு விடை? ஒரு வரிகூட இல்லை!

சகோதரர்களே! அன்று எனக்கு உறைத்ததைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். தெரிந்திருப்பது வேறு, தெரிந்ததைக் கேட்ட அளவில், கேட்ட நேரத்தில், கேட்ட ஒழுங்கில் எழுதிக் கொடுப்பது வேறு. முதலாவது நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. இரண்டாவதற்கு நாம் எந்த ஏற்பாடும் செய்யவில்லை.

பெயர் இல்லாத தாள்

இந்தத் தேர்வின் கணக்கைப் பாருங்கள். முதன்மைத் தேர்வில் மொத்தம் ஒன்பது தாள்கள். இரண்டு மொழித் தாள்களில் தேறினால் போதும், அந்த மதிப்பெண் சேராது. மற்ற ஏழு தாள்களுக்குத் தலா 250 வீதம் 1750 மதிப்பெண். நேர்முகத் தேர்வுக்கு 275. ஆக மொத்தம் 2025.

பொது அறிவுத் தாள்கள் நான்கு. அவற்றில் முதல் மூன்றில் ஒவ்வொன்றிலும் 20 கேள்விகள். பத்து மதிப்பெண்ணில் பத்து, பதினைந்து மதிப்பெண்ணில் பத்து. முன்னதற்கு 150 சொற்கள், பின்னதற்கு 250 சொற்கள். நேரம் மூன்று மணி. சிறிய கேள்விக்கு ஏழு நிமிடம், பெரிய கேள்விக்குப் பதினொரு நிமிடம் என்று பிரித்தால் சரியாக 180 நிமிடம் முடிந்துவிடும். யோசிக்கவென்று தனியாக ஒரு நிமிடமும் மிச்சமில்லை! யோசிப்பதையும் அந்த ஏழுக்குள்தான் யோசிக்க வேண்டும்.

2006இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கையை நாம் மேடைதோறும் சொல்லியிருக்கிறோம். மக்கள் தொகையில் 13.4 சதவீதம் இருந்த சமுதாயம் ஐ.ஏ.எஸ்.ஸில் 3, ஐ.பி.எஸ்.ஸில் 4, வெளியுறவுப் பணியில் 1.8 சதவீதம். சொல்லும்போதெல்லாம் கூட்டம் பெருமூச்சு விடும். பாரபட்சம் என்போம். பாரபட்சம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2020இல் ஒரு தொலைக்காட்சி, நம் பிள்ளைகள் தேர்வில் தேறுவதையே 'ஊடுருவல்' என்று நிகழ்ச்சி தயாரித்து ஒளிபரப்ப, அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தலையிட்டு நிறுத்தியது. இதையெல்லாம் மறக்கவில்லை.

ஆனால் ஒன்றைச் சிந்தியுங்கள். 2025 மதிப்பெண்ணில் 1750, திருத்துகிறவர் முகம் பார்க்காமல், பெயர் அறியாமல் போடும் மதிப்பெண். அந்தத் தாளில் அப்துல்லாவும் இல்லை, ஆறுமுகமும் இல்லை. அங்கே நாம் இழக்கும் மதிப்பெண்ணுக்கு யார் மீது பழி போடுவது?

நமக்குப் புதிதா இது?

எழுத்து நமக்கு அந்நியமான கலை அல்ல. முதல் வஹீயிலேயே எழுதுகோல் இடம்பெற்றுவிட்டது. பத்ருப் போரில் கைதானவர்களில் எழுதத் தெரிந்தவர்கள், பத்துப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தால் விடுதலை என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்த வரலாறு நம் மக்தப் பிள்ளைகளுக்கும் தெரியும். யூதர்களுடன் கடிதப் போக்குவரத்துக்கு நம்பகமான எழுத்தர் வேண்டுமென்று ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை அந்த எழுத்தைக் கற்கப் பணித்தார்கள். அரை மாதத்தில் அவர் கற்றுத் தேர்ந்தார்.

வியாபாரப் பெருமக்களே! குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது? அல்பகராவின் 282ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கக் கூடாது என்பதும் அதில் அடக்கம். நம் வேதம் கடைக்காரருக்கு இட்ட கட்டளை அது!

மதரஸாவில் ஃபத்வா எழுதப் பழகிய ஆலிம்களுக்கு இந்த ஒழுங்கு நன்றாகத் தெரியும். கேட்டவர் என்ன கேட்டார் என்பதை முதலில் வரையறுக்க வேண்டும். பிறகு விடை, பிறகு ஆதாரம், மாற்றுக் கருத்து இருந்தால் அது, கடைசியில் முடிவு. கேட்காததை எழுதினால் உஸ்தாத் சிவப்பு மையால் அடித்துவிடுவார். தேர்வாணையம் கேட்பதும் ஏறக்குறைய இதே ஒழுங்குதான். சீனத்தில் பல நூற்றாண்டுகள் அரசுப் பணிக்கு எட்டு உறுப்புகள் கொண்ட கட்டுரை எழுதுவதைத் தேர்வாக வைத்திருந்தார்கள். ஆள்வதற்கு வருபவன் ஒழுங்காக எழுதத் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்பது உலகம் நெடுநாளாக ஒப்புக்கொண்ட விஷயம்.

முடிச்சூர் தண்ணீரும் ஒரு விடைத்தாளும்

ஓர் உதாரணம் சொல்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தை நம் பகுதி இளைஞர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மார்பளவு தண்ணீரில் இறங்கி, சாதி மதம் பாராமல் மக்களைத் தூக்கி வந்தவர்கள் நீங்கள். பள்ளிவாசல்களைத் திறந்துவிட்டுச் சோறு போட்டவர்கள் நீங்கள். அல்லாஹ் அதற்குரிய கூலியைத் தருவான்.

அந்தத் தம்பி, வெள்ளத்தில் இறங்கிய நான்கு இளைஞர்களை உட்கார வைத்து ஒரு கேள்வி கொடுத்தார்: "2015 சென்னை வெள்ளம் இயற்கைப் பேரிடரா, மனிதத் தவறா? திறனாய்வு செய்க. 250 சொற்கள்." நால்வரும் நன்றாக எழுதினார்கள்; ஆனால் எல்லாம் கண்ணீர்க் கதை. யாரைத் தூக்கினோம், எத்தனை பொட்டலம் கொடுத்தோம், அதிகாரிகள் எப்போது வந்தார்கள் என்பதே நிரம்பியிருந்தது. மதிப்பெண் போட இடமில்லை.

பிறகு தம்பி சொல்லிக் கொடுத்தார். முதல் நிமிடம் எழுதாதே. கேள்வியில் உள்ள ஏவல் சொல்லுக்கு அடிக்கோடு போடு. 'விளக்குக' என்றால் விளக்கினால் போதும். 'திறனாய்வு செய்க' என்றால் இரு பக்கமும் எடுத்து வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இரண்டாவது நிமிடம் ஓரத்தில் நான்கு குறிப்பு எழுது. பிறகு பேனா நிற்கக் கூடாது.

முன்னுரை இரண்டே வரி: டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. முதல் பத்தி இயற்கையின் பக்கம்: எல் நினோ ஆண்டு, நவம்பர் மழையிலேயே ஏரிகள் நிரம்பிவிட்டன. இரண்டாம் பத்தி மனிதனின் பக்கம்: அடையாற்றின் கரையிலும் ஏரிகளின் உபரிநீர்க் கால்வாய்களிலும் எழுந்த கட்டடங்கள், குப்பைமேடாகவும் மனைகளாகவும் சுருங்கிய பள்ளிக்கரணை சதுப்பு நிலம், செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறப்பு, 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கை. மூன்றாம் பத்தி தீர்வு: 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைச் செயலில் காட்டுவது, நீர் திறக்கும் முன் எச்சரிக்கை, கால்வாய் மீட்பு, 2022இல் ராம்சர் தகுதி பெற்ற பள்ளிக்கரணையைக் காப்பது. முடிவுரை இரண்டு வரி: மழை இயற்கையின் செயல், அழிவின் அளவைக் கூட்டியது மனிதன். நேரம் இருந்தால் ஓரத்தில் அடையாற்றின் சிறு வரைபடம்.

அதே நால்வர், அதே கேள்வி. மூன்றாவது முறை எழுதியபோது பதின்மூன்று நிமிடத்தில் முடித்தார்கள். முதல் முறை பேச்சாகத் தெரிந்தது, மூன்றாவது முறை அறிக்கையாக நின்றது! வெள்ளத்தில் இறங்கியவனுக்குத் தெரியாத விஷயமா அதில் இருக்கிறது? சரிபாதி அவன் கண்ணால் கண்டது. அதற்கு ஒழுங்கு மட்டும்தான் தேவைப்பட்டது.

"ஆங்கிலம் வராதே" என்று தயங்கும் தம்பிகளே! மொழித் தாள்கள் நீங்கலாக மற்றத் தாள்களின் விடைகளைத் தமிழிலேயே எழுதலாம். ஆர். பாலகிருஷ்ணன் 1984ஆம் ஆண்டு ஐ.ஏ.எஸ். அணியில் இடம்பெற்றது தமிழில் தேர்வெழுதித்தான். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். கேள்வியைப் புரிந்துகொள்ளும் அளவு ஆங்கிலம் பழகிக்கொள்ளுங்கள், அது போதும்.

தேர்வு எழுதாதவருக்கும்

"என் மகன் கடைக்கு வரப் போகிறான், அவனுக்கு எதற்கு இது?" என்று கேட்கும் வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதிக் கடைகளுக்கு ஓர் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. நாற்பது பேர் திரண்டு போனோம். முழக்கமிட்டோம். உள்ளே இருந்தவர் அமைதியாகச் சொன்னார்: "பதினைந்து நாளுக்குள் எழுத்தில் விளக்கம் கொடுங்கள்." நாற்பது பேரில் அந்த விளக்கத்தை வரிசையாக எழுத ஒருவர் இல்லை. வக்கீலைத் தேடி முடிப்பதற்குள் தவணை போய்விட்டது. 2024இல் வக்ஃப் திருத்த மசோதா பற்றி நாடாளுமன்றக் கூட்டுக்குழு கருத்துக் கேட்டபோதும் நாங்கள் செய்தது என்ன? யாரோ எழுதிய ஒரே வாசகத்தை ஆளுக்கொரு பெயர் போட்டு அனுப்பினோம். நம் மஹல்லாவின் வக்ஃபு சொத்தைப் பற்றிச் சொந்தமாக ஒரு பக்கம் எழுத ஆள் இல்லை.

ஆட்சி முழக்கத்தில் நடப்பதில்லை சகோதரர்களே, கோப்பில் நடக்கிறது. கோப்பை எழுதுகிறவனும் அதற்குப் பதில் எழுதுகிறவனும்தான் பேசுகிறார்கள். மற்றவர்கள் வெளியே நிற்கிறோம்.

என்ன செய்யலாம்?

டெல்லி ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவின் இலவசப் பயிற்சி மையத்தைப் பாருங்கள். 2021ஆம் ஆண்டுத் தேர்வில் இந்தியாவிலேயே முதலிடம் பெற்ற சுருதி சர்மா அங்கே பயின்றவர். அங்கே பாடத்தோடு நிற்காமல் மாதிரித் தேர்வும் விடைத் திருத்தமும் உண்டு. இங்கேயும் கிரீன்வேஸ் சாலையில் அரசின் பயிற்சி மையம் இருக்கிறது. 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் தேர்வு வைத்து ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து மாதம் 7,500 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தார்கள். அங்கெல்லாம் நம் பிள்ளைகள் விண்ணப்பிக்கட்டும். ஆனால் அன்றாட எழுத்துப் பழக்கத்துக்கு கிரீன்வேஸ் சாலைவரை போக வேண்டியதில்லை.

ஒரு பொதுக்கூட்டத்துக்கு மேடை, ஒலிபெருக்கி, சுவரொட்டி என்று எவ்வளவு ஆகிறது என்பது நமக்குத் தெரியும். அதில் ஒரு சிறு பகுதி போதும். பள்ளிவாசல் மாடியில் ஓர் அறை. பத்து மேசை. சுவரில் ஒரு கடிகாரம். ஞாயிறு ஃபஜ்ருக்குப் பிறகு மூன்று மணி நேரம். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரமோ தனி இடமோ, ஆனால் கட்டாயம் உண்டு. திருத்துவதற்கு ஓய்வு பெற்ற பேராசிரியர்களையும் அரசு அலுவலர்களையும் தேடிப் பிடியுங்கள். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரத்தில் அவர்களுக்குப் பஞ்சமில்லை. முஸ்லிமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; பத்ருக் கைதிகள் முஸ்லிம்களா என்ன? குரூப் 1 முதன்மைத் தேர்வும் விரித்து எழுதும் தேர்வுதான். அதற்குப் படிப்பவர்களும் வரட்டும்.

இன்ஷா அல்லாஹ், வரும் மாதம் முதல் ஞாயிறு தாம்பரத்தில் தொடங்குகிறோம். அன்று நானும் உட்கார்ந்து எழுதுவேன். என் தாளையும் திருத்தட்டும்.

கடைசியாக அந்தத் தம்பியின் தந்தைக்கு, அவரைப் போன்ற எல்லாத் தந்தையருக்கும். பாய்! உங்கள் மகனுக்கு இன்னும் வாய்ப்புகள் மீதம் இருக்கின்றன. கடைக்கு ஆள் தேவை என்பது எனக்குத் தெரியும். அவர் அறிவில் தோற்கவில்லை. அவர் எழுதியதைப் பார்க்க ஒரு கண் இல்லாமல் தோற்றார். அது அவர் குற்றம் அல்ல, சால்வை போர்த்திய நம் குற்றம். இன்னும் ஒரு வருடம் அவரை விட்டுக் கொடுங்கள். கல்லாவில் உட்கார ஞாயிறு தவிர மற்ற நாட்களில் ஓர் ஆளை ஜமாஅத் ஏற்பாடு செய்யட்டும். அதற்கு முதல் மாதச் சம்பளம் என் பொறுப்பு.

எழுதுகோலைக் கொண்டு கற்றுக் கொடுத்த வல்ல ரஹ்மான், நம் பிள்ளைகளின் கைகளுக்கு வலுவையும் நம் நெஞ்சங்களுக்கு விசாலத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.