ஸ்மோக் பிஸ்கெட்டில் வர்ற புகை என்ன? நைட்ரஜன் பற்றி தெரிஞ்சுக்க வேண்டியவை

2024 ஏப்ரலில், கர்நாடகாவின் தாவணகெரே பொருட்காட்சியில் ஸ்மோக் பிஸ்கெட் சாப்பிட்ட சிறுவன் வலியில் துடித்த வீடியோ வைரலானது. இதையடுத்து, உணவோடு திரவ நைட்ரஜனை நேரடியாகக் கொடுத்தால் 10 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் என தமிழ்நாட்டிலும் எச்சரிக்கை வந்தது. ஆனா, நாம சுவாசிக்கிற காற்றில் சுமார் 78 சதவீதம் இதே நைட்ரஜன்தான். அப்புறம் எப்படி ஆபத்து?

பெயர் எப்படி வந்தது?

1772-ல் இந்த வாயுவைப் பிரித்துக் காட்டியவர் ஸ்காட்லாந்தின் டேனியல் ரூதர்ஃபோர்டு. 1790-ல் பெயர் வைத்தவர் பிரான்ஸின் ஷப்தால். கிரேக்க வேர்ச்சொற்களில் இருந்து வந்த இந்தப் பெயருக்கு 'வெடியுப்பை உருவாக்குவது' என்று பொருள். இலங்கைத் தமிழில் இது 'நைதரசன்'. நம்ம ஊர் விவசாயிகளுக்கு 'தழைச்சத்து'.

எங்கெல்லாம் பயன்படுது?

* யூரியாவில் 46% நைட்ரஜன். 45 கிலோ மூட்டையில் சுமார் 20.7 கிலோ தழைச்சத்து இருக்கு.
* துவரை, அவரை, கொள்ளு பயிர்களின் வேர் முடிச்சுகளில் உள்ள பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனை பயிருக்கான சத்தாக மாற்றித் தருது.
* சிப்ஸ் பாக்கெட்டை உப்ப வைப்பதும் நைட்ரஜன்தான். எண்ணெய் சிக்கு வாடை அடிக்காம, சிப்ஸ் நொறுங்காம காக்குது.
* தர்மபுரி மாவட்டம் இண்டூர் போல மாடு வளர்க்கிற ஊர்களுக்கு சினை ஊசி தெரிஞ்ச விஷயம். அதற்கான உறைவிந்து குச்சிகள் திரவ நைட்ரஜன் கலனில்தான் பாதுகாக்கப்படுது.

ஆபத்து எங்கே?

திரவ நைட்ரஜனின் கொதிநிலை மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். வாயில் பட்டால், தீக்காயம் போல திசுக்கள் கருகும். விழுங்கினால் இன்னும் மோசம். உடல் சூட்டில் அது சுமார் 700 மடங்கு விரிந்து வாயுவாக மாறும். வயிறு ஓட்டையாகும் அளவுக்கு அழுத்தம் ஏறும். பெங்களூருவில் கல்யாண விருந்தில் ஸ்மோக் பான் சாப்பிட்ட 12 வயது சிறுமிக்கு அப்படித்தான் வயிற்றில் ஓட்டை விழுந்து, அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாச்சு.

என்ன செய்யணும்?

திருவிழாவோ விருந்தோ, புகை வர்ற எந்தத் தின்பண்டத்தையும் குழந்தைகளுக்கு வாங்கித் தர வேண்டாம். தெரியாம சாப்பிட்டு வாய் எரிச்சலோ, வயிறு உப்பி வலியோ வந்தா, வீட்டு வைத்தியம் பார்க்காம உடனே 108-ஐ அழைங்க.