கோழி ருசிப் பேஸ்ட்!

ராத்திரி ஒன்பது மணிக்கு ராஜபாளையத்தில் எங்கள் தெருப் பக்கம் வந்தால் அந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஸ்பின்னிங் மில் அக்கவுண்டன்ட்டான நான், திண்ணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு நாய்க்குப் பல் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

சிரிக்காதீர்கள் ஸார். கதை இருக்கிறது.

நாய் அப்பாவுடையது. பெயர் வெள்ளையன். 2005-ல் தபால் துறை நான்கு நாய் இனங்களுக்கு ஸ்டாம்ப் போட்டதே, அதில் ஒன்றான அசல் ராஜபாளையம். பால் வெள்ளை உடம்பு, ரோஸ் கலர் மூக்கு. ஒரே எஜமான் ஜாதி. நான் கூப்பிட்டால், "யார் இவன்?" என்று ஒரு பார்வை பார்ப்பான். எங்கள் மானேஜர் பார்க்கிற அதே பார்வை.

போன வருஷம் அப்பா தவறிப்போனார். ஒரு மாசம் கழித்து வெள்ளையன் சாப்பாட்டை நிறுத்திவிட்டான். தட்டை முகர்ந்துவிட்டு அப்பாவின் ஈஸிசேருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். தெருவே உருகியது. "இந்தப் பாசம் பெத்த புள்ளைக்கு இருக்கா பாருங்க!" என்று என் காதுபடவே பேசினார்கள். நானும் வெட்கப்பட்டுக்கொண்டே மூணு வேளை சாப்பிட்டேன்.

அப்புறம் அவன் கண்ணுக்குக் கீழே வீங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மச்சானுக்குத் தெரிந்த கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனோம். அம்மாவும் கூட வந்தாள். டாக்டர் நாயின் உதட்டைத் தூக்கினார். வந்த நாற்றத்தில் நான் ஜன்னல் பக்கம் ஒதுங்கினேன்.

"துக்கமெல்லாம் இருக்கட்டும் சார். கடைவாய்ப் பல் உடைஞ்சு வேர்ல சீழ் பிடிச்சிருக்கு. மெல்ல முடியாமத்தான் பட்டினி. எலும்பு போடுவீங்களா?"

"ஐயோ, நாங்க சுத்த சைவம் டாக்டர்!"

அம்மா தொண்டையைச் செருமினாள். தினமும் 'வாக்கிங்' போன அப்பா, கறிக்கடையில் எலும்பு வாங்கி இவனுக்குப் போட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு வீட்டுக்கு வருவாராம். "அவ்வளவு பிரியம். நான் கண்டுக்கலை" என்றாள். அந்தப் பிரியம்தான் பல்லை உடைத்திருக்கிறது!

மயக்க மருந்து கொடுத்துப் பல்லைப் பிடுங்கினார்கள். மறுநாளே குழைந்த சோறு ஒரு தட்டு காலி.

டாக்டர் எனக்குப் பாடமும் எடுத்தார். நாய்க்கு 42 பல். சொத்தை அபூர்வம், ஈறு நோய்தான் எதிரி. பல்லில் படிகிற அழுக்கு சில நாளில் காரையாக இறுகிவிடும். அப்புறம் பிரஷ்ஷுக்கு மசியாது, டாக்டர்தான் சுரண்ட வேண்டும். நம்ம பேஸ்ட் கூடவே கூடாது. நாய்க்குத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். சில பேஸ்ட்டுகளில் இருக்கிற ஸைலிட்டால் என்ற இனிப்பு அதன் உயிருக்கே ஆபத்து. முதல் வாரம் விரலில் ஈரத்துணி சுற்றி ஈறைத் தடவிப் பழக்கணும். அப்புறம் மெத்தென்ற பிரஷ். பல்லின் வெளிப்பக்கம், ஈறோரம் முக்கியம். கட்டை விரல் நகத்தை அழுத்தினால் பதியாத எதையும் கடிக்கக் கொடுக்கக் கூடாது.

நாய்ப் பேஸ்ட் கோழி ருசியில்தான் கிடைத்தது. பூஜை அலமாரிக்கு நேர் எதிரே வைத்தேன். முதல் நாள் முகத்தைச் சுளித்த அம்மா, இப்போது, "தீரப் போகுதுடா, வாங்கிட்டு வா" என்கிறாள். முதல் நாள் உறுமிய வெள்ளையனும் இப்போது தானாகவே வந்து என் மடியில் தாடையை வைக்கிறான்.

கடைசி வருஷத்தில் அப்பா ரெண்டு மூணு தடவை, "பல்லு வலிக்குதுடா" என்றார். "ஞாயித்துக்கிழமை போலாம்ப்பா" என்றேன். ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, போயின. வெள்ளையனாவது வாயில்லா ஜீவன். அப்பா வாய் விட்டே சொன்னார்.

நாளைக்கு லீவு போட்டிருக்கிறேன். அம்மாவைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். "எனக்கென்னடா இப்ப அவசரம்?" என்று உறுமுகிறாள். பரவாயில்லை, உறுமலைச் சமாளிக்க இப்போது எனக்குப் பழகிவிட்டது!