திடலுக்குக் கட்டணம், பூங்காவுக்குப் பூட்டு

பத்துப் பையன்கள் ஒரு பந்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் விளையாட 1,200 ரூபாய்! 2024 அக்டோபர் கடைசியில் சென்னை மாநகராட்சி மன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தின் கணக்கு இதுதான். செயற்கைப் புல் பதித்த ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டுவிடுவது, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிப்பது என்பது திட்டம். எதிர்ப்புக் கிளம்பியது. ஓரிரு நாளில் தீர்மானம் வாபஸ் ஆயிற்று. திடல்கள் பழையபடி இலவசம் என்று அறிவித்தார்கள்.

வாபஸ் பெற்றதை நாம் வரவேற்கிறோம். ஆனால் தீர்மானம்தான் வாபஸ் ஆயிற்று. அதைப் பெற்றெடுத்த யோசனை வாபஸ் ஆகவில்லை. "பராமரிக்கப் பணம் இல்லை, உபயோகிப்பவன் கொடுக்கட்டும்" என்ற அந்த யோசனை ஒவ்வொரு நகரசபையிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

பணம் இல்லையா? 2022-ல் தமிழ்நாடு முழுவதும் சொத்து வரி உயர்ந்தது. சென்னையின் பழைய எல்லைக்குள் 600 சதுர அடிக்கு உட்பட்ட சிறு வீட்டுக்கும் 50 சதவீதம் ஏற்றினார்கள். 2024-ல் அதன் மேல் இன்னொரு 6 சதவீதம். வீட்டுக்காரர் கட்டுவதாகத்தான் ரசீதில் இருக்கும். கடைசியில் அது வாடகையில் ஏறி ஒண்டிக் குடித்தனக்காரன் தலையில் விடிகிறது என்பது தெரியாதவர் யார்? ஆக, திடலுக்கான பணத்தை நாம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. கேட் வாசலில் மறுபடி கேட்பது எந்த ஊர் நியாயம்?

பூங்காவும் விளையாட்டு மைதானமும் ஸ்தல ஸ்தாபனங்களின் தர்ம காரியம் அல்ல. 1992-ன் 74-வது அரசியல் சட்டத் திருத்தம் நகர ஸ்தாபனங்களுக்குரிய விஷயங்களென 12-வது அட்டவணையில் எழுதி வைத்தவற்றில் பூங்கா, தோட்டம், விளையாட்டு மைதானம் ஆகியவையும் உண்டு. அதற்கும் வெகு முன்பே, 1959-ல், இந்த ராஜ்யத்தில் பூங்காக்களையும் திடல்களையும் பாதுகாக்கத் தனிச் சட்டம் வந்தது. அவற்றின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும், அனுமதியின்றி வேறு காரியத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது அது. நம் வார்டுப் பட்டியலை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

பட்டியலும் காவலும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையின் மக்கள் பூங்காவே சாட்சி. கவர்னர் டிரெவெல்யான் காலத்தில், 1859-ஐ ஒட்டி, சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் 116 ஏக்கரில் எழுந்தது அது. குளங்கள், மிருகக்காட்சிசாலை, பாண்டு வாத்திய மேடை எல்லாம் இருந்தன. பிறகு விக்டோரியா மண்டபம் ஒரு பக்கம், மூர் மார்க்கெட் ஒரு பக்கம், 1913-ல் ரிப்பன் மாளிகை ஒரு பக்கம், அப்புறம் ஸ்டேடியம் என்று ஒவ்வொன்றாக நிலத்தைத் தின்றன. மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தது. அந்த இடமும் பூங்காவுக்குத் திரும்பவில்லை, ரயில்வே கட்டிடம் வந்தது. பூங்காவைக் காக்க வேண்டிய மாநகராட்சியின் தலைமை மாளிகையே பூங்காவின் நெஞ்சில் நிற்கிறது! நேரு ஸ்டேடியம் ஒன்றும் கெட்ட காரியமல்ல. ரயில் நிலையமும் வேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் நல்ல காரியத்தின் பெயரால்தான் நிலம் போயிற்று.

பெங்களூரில் ஒரு குடியிருப்பில் பூங்காவுக்கென்று விட்ட நிலத்தைத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தார்கள். குடியிருப்போர் கோர்ட்டுக்குப் போனார்கள். ஆஸ்பத்திரி நல்லதுதானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. பொதுப் பூங்காவைத் தனியாருக்கு மாற்றும் அதிகாரம் இல்லை என்று 1991-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது.

நமக்கு நாமே திட்டத்தையும் பார்ப்போம். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. ஜனங்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியைச் சர்க்கார் போடும். பங்களா வீதியில் ஒரு மாலையில் அந்தப் பங்கு சேர்ந்துவிடும். பூங்கா வரும், நடைபாதை வரும், விளக்கு வரும். வியாசர்பாடி போன்ற இடத்தில் கூலிக்காரர் வீதியில் யாரிடம் உண்டியல் குலுக்குவது? இல்லாதவன் பங்கு போட்டால்தான் சர்க்கார் பணம் வருமென்றால், அந்தப் பணம் இருப்பவன் வீதிக்கே போகும். இவ்வளவு எளிய கணக்கு அதிகாரிகளுக்குத் தெரியாதா!

கோவை காந்திபுரத்தில் சிறைச்சாலை நிலத்தில் 45 ஏக்கரில், 200 கோடிக்கு மேல் செலவழித்து, 2025 நவம்பரில் செம்மொழிப் பூங்கா திறந்தார்கள். அழகான பூங்கா, நாம் குறை சொல்லவில்லை. ஆனால் சிங்காநல்லூரில் இருக்கும் மில் தொழிலாளி மனைவி மக்களோடு அங்கே போய்வர பஸ் சார்ஜும் நுழைவுக் கட்டணமும் வேண்டும். வருஷத்துக்கு ஒரு நாள் போகலாம். தினமும் மாலையில் குழந்தை ஓடியாட வீட்டுக்கு அருகில் அரை ஏக்கர் திடல் வேண்டுமே. அதுவும் திறந்திருக்க வேண்டும். நகரங்களில் பல பூங்காக்களை நடுப்பகலில் பூட்டிவிடுகிறார்கள். ராத்திரி ஷிப்டு முடிந்து, தகரக் கொட்டகையின் வெக்கையில் தூக்கம் வராமல் தவிப்பவனுக்கு மர நிழல் தேவைப்படுவதே அந்த நேரத்தில்தான்.

கூடம் விஷயம் இன்னும் முக்கியமானது. 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா வந்து பேசுவதற்கு முன்பே பெரம்பூர் மில் தொழிலாளர்கள் கூடும் இடமாக ஸ்ரீ வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை இருந்தது. பக்திப் பிரசங்கம் கேட்க வந்தவர்கள் அங்கே தங்கள் மில் கஷ்டத்தையும் பேசிக்கொண்டார்கள். கூரையுள்ள ஓர் இடம் கிடைத்ததால் பேச்சு வளர்ந்தது, சங்கம் ஆயிற்று. இன்றைக்கு நகரசபைகளின் சமுதாயக் கூடமென்றால் கல்யாணத்துக்கு வாடகை விடும் இடம் என்றுதான் அர்த்தம். முகூர்த்தம் இல்லாத நாளில் பூட்டு. ஒரே அறை வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, பேசிக்கொண்டிருக்க நாலு பேரைத் தேடும் ஓய்வு பெற்ற தொழிலாளி, தையல் பழக விரும்பும் பெண் ஆகியோருக்கு அதன் கதவு திறப்பதில்லை.

இதற்கும் பணவழி இருக்கிறது. 1972-ஆம் வருஷத்துத் தொழிலாளர் நல நிதிச் சட்டப்படி நம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். அதற்கு இரட்டிப்பாக முதலாளியும், நம்மளவு சர்க்காரும் செலுத்துகிறார்கள். படிப்பகம், நூலகம், விளையாட்டு ஆகியவை அந்த நிதியின் காரியங்களே. புதிதாக மனை பிரிப்பவர்களிடமிருந்தும் வருகிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், ரோடு நீங்கலாகப் பத்தில் ஒரு பாகத்தைப் பொது உபயோகத்துக்கு எழுதிக்கொடுத்தாக வேண்டும். 3,000 முதல் 10,000 வரையில் நிலத்துக்குப் பதில் பணம் கட்டலாம். அந்த நிலம் எங்கே, அந்தப் பணம் எந்த வார்டில் செலவாயிற்று என்று பகிரங்கமாகக் கணக்கு வைக்கட்டும்.

விவசாயத் தொழிலாளித் தோழர்கள் இதைப் பட்டணத்து விவகாரம் என்று தள்ளிவிட வேண்டாம். மந்தைவெளியும் மேய்ச்சல் புறம்போக்கும் எப்படிக் கைமாறின என்பதை உங்களைவிட யார் அறிவார்?

பகுதி சபை கூடும்போது நம் தோழர்கள் போக வேண்டும். வார்டிலுள்ள திடல், பூங்கா, கூடம் ஆகியவற்றின் பட்டியல் எங்கே? மனைப்பிரிவுகளிலிருந்து வந்த நிலமும் பணமும் எவ்வளவு? கூடத்தை முகூர்த்தமற்ற நாட்களில் படிப்பகமாகத் திறக்க என்ன தடை? மூன்றையும் எழுத்தில் கொடுத்து, தேதி போட்டு ரசீது வாங்கி வர வேண்டும்.