அகஸ்தியருக்கு ரோப் கார் எதுக்குங்க?

போன மாதம் இங்கே மஸ்கட்டில் நம்ம ஊர்க்காரர்கள் கூடியிருந்தபோது ஒரு பேச்சு வந்தது. அகஸ்தியர்கூடத்தை "டெவலப்" பண்ணணுமாம். போனக்காட்டிலிருந்து மேலே வரை ரோப் கார், உச்சியில் ஒரு மண்டபம், கீழே தங்கும் விடுதி. தமிழுக்கு இலக்கணம் தந்த முனிவர் வெயிலிலும் மழையிலும் திறந்த பாறையில் நிற்கிறாரே, நாம் ஆளுக்கு நூறு ரியால் போட்டாலே பெரிய தொகை ஆகுமே என்று ஒரு அண்ணாச்சி கண் கலங்காத குறையாகச் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பேங்க்காரன் என்றால் கணக்குப் பார்த்துச் சொல்லணுமே :-)

சொல்கிறேன். திருவனந்தபுரத்தில் நாலு வருடம் கிளையில் குப்பை கொட்டியவன், அந்த மலைக்கு ஒருமுறை ஏறி இறங்கியவன் என்ற முறையில் என் அபிப்பிராயம் இது. வேண்டாம் என்பதுதான். ஆனால் இப்போது இருப்பது அப்படியே இருக்கட்டும் என்பதும் இல்லை.

போகாதவர்களுக்காகச் சுருக்கமாக. உயரம் 1,868 மீட்டர். உச்சி கேரளத்தில், நெய்யாறு சரணாலயத்துக்குள் இருக்கிறது. கிழக்குச் சரிவு நம்ம திருநெல்வேலிப் பக்கம், தாமிரபரணி பிறக்கிற பொதிகை. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் போனக்காடு சுமார் 60 கிலோமீட்டர். அங்கிருந்து நடை. முதல் நாள் அதிருமலை முகாம் வரை, இரண்டாம் நாள் உச்சி, மூன்றாம் நாள் வீடு. வழியில் ஒரு ஏற்றத்துக்கு முட்டிடிச்சான் தேரி என்று பேர். முழங்கால் நெஞ்சில் இடிக்கும், அதனால் அந்தப் பேர். வைத்தவன் பொய் சொல்லவில்லை. கடைசியில் பாறையில் கயிறு பிடித்து ஏறணும். மேலே போனால் கோபுரம் கிடையாது, மணி கிடையாது, அர்ச்சனைத் தட்டும் கிடையாது. திறந்த வெளியில் அகஸ்தியர் சிலை, காற்று, மேகம். அவ்வளவுதான்.

எல்லா நாளும் விடமாட்டார்கள். ஜனவரி நடுவில் தொடங்கி சிவராத்திரி ஒட்டி முடிகிற சீசன். ஒரு நாளைக்கு நூறு பேர் அளவில்தான் அனுமதி. பிளாஸ்டிக், மது, பூஜை சாமான் எதுவும் கொண்டுபோகக் கூடாது. சீசனை 45 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4,500 பேர். தலைக்கு 2,500 ரூபாய் என்று போட்டால் 1 கோடியே 12 லட்சம் சொச்சம். வனத்துறைக்கும் வழிகாட்டிகளுக்கும் இது நல்ல வருமானம். ஒரு ரோப் கார் கடனுக்கு இது வட்டிக்குக் கூடக் காணாது.

"ரோப் கார் வந்தால் கூட்டம் வருமே" என்பார்கள். பழனியைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். பழனியில் 1966-லேயே விஞ்ச் வந்தது, 2004-ல் ரோப் கார் வந்தது. 2007-ல் விபத்து நடந்து நாலு பேர் செத்தார்கள், அதையும் சேர்த்தே சொல்லணும். ஆனால் பழனி என்ன? ஊர் நடுவில் நிற்கிற குன்று. அடிவாரத்தில் பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, லாட்ஜ் எல்லாம் கைக்கெட்டும் தூரம். வருடம் முழுக்கக் கூட்டம். சோளிங்கரில் 2024-ல் ரோப் கார் வந்தது, சந்தோஷம், வயசானவர்கள் நரசிம்மரைப் பார்க்கிறார்கள். அதுவும் ஊரை ஒட்டிய மலைதான். அகஸ்தியர்கூடம் யானைக் காட்டுக்குள்ளே இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் அடிக்கிற இடம். மிச்ச நாளில் மேகமும் காற்றும். வண்டி வருடத்துக்கு எத்தனை நாள் ஓடும்? தவணை மட்டும் பன்னிரண்டு மாதமும் ஓடும். என் மேசைக்கு இந்த ஃபைல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

சரி, பணத்தை விடுங்கள். அண்ணாச்சி மாதிரி ஆட்களுக்குப் பணம் பிரச்சினையே இல்லை, பக்திதான். அப்போ தண்ணீரைப் பற்றிப் பேசலாம். மேற்கே நெய்யாறும் கரமனையாறும் இந்த மலைத்தொடரில்தான் உற்பத்தி. திருவனந்தபுரம் நகரம் குடிப்பது பேப்பாறை, அருவிக்கரை வழியாக வருகிற கரமனையாற்றுத் தண்ணீர். நான் அங்கே இருந்த நாலு வருடமும் குடித்தது அதைத்தான். கிழக்கே தாமிரபரணி. திருநெல்வேலியும் தூத்துக்குடியும் அதை நம்பித்தான் இருக்கின்றன. இரண்டு பக்கத்துக்கும் தண்ணீர்த்தொட்டி ஒன்றே, தொட்டி மேல் கொத்துவேலை பார்க்கலாமா என்பதுதான் கேள்வி.

கூட்டம் வந்தால் காடு என்ன ஆகும் என்று தெரிய ரொம்ப தூரம் போக வேண்டாம். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். எங்க குடும்பமும் குடில் போட்டுத் தங்கின குடும்பம்தான், குறை சொல்லவில்லை. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் அந்த நாட்களில் சேருகிற கூட்டமும், அது விட்டுப்போகிற குப்பையும் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாபநாசத்தில் ஆற்றுக்குள் விட்ட பழைய துணியை டன் கணக்கில் வாரி எடுக்கிறார்கள். சதுரகிரியில் 2015 மே மாதம் திடீரென்று காட்டாறு பெருகிப் பக்தர்கள் அடித்துப்போனார்கள். வெள்ளியங்கிரியில் 2024 சீசனில் மலை ஏறும்போதே பலர் மூச்சுத்திணறிச் செத்தார்கள். இதெல்லாம் சாலை போட்டால் தீரும் என்று தோன்றவில்லை. சாலை போட்டால் இன்னும் தயாரில்லாத ஆட்கள் மேலே வருவார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு கட்சியும் இருக்கிறது. அந்த மலையில் பரம்பரையாக இருப்பவர்கள் காணிக்காரர்கள். அகஸ்தியர் அவர்களுக்கும் தெய்வம். நமக்கு முன்னாலிருந்தே தெய்வம் என்றுகூடச் சொல்லலாம், இலக்கணம் எல்லாம் அப்புறம் :-). பெண்கள் உச்சிக்குப் போகலாமா என்று வழக்கு வந்தபோது காணிக்காரர் தரப்பில் எதிர்ப்பு இருந்தது. 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் பெண் என்பதற்காகத் தடுக்கக் கூடாது என்றது. 2019 ஜனவரியில் தன்யா சனல் முதல் ஆளாக ஏறினார். தீர்ப்பு சரி என்பதே என் கட்சி. ஆனால் நூறு ரியால் போட்டு மண்டபம் கட்டலாம் என்று பேசின அன்று, அந்த அறையில் ஒருத்தர் கூட "காணிக்காரர்களைக் கேட்டோமா" என்று கேட்கவில்லை.

அவர்களோடு பேசி, பங்கு கொடுத்து நடந்த காரியம் ஒன்று உண்டு. 1987-ல் ஆராய்ச்சிக்குப் போனவர்களுக்கு வழிகாட்டின காணிக்காரர்கள் களைப்பே இல்லாமல் நடந்தார்கள். காரணம் ஒரு செடி, ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் இருக்கிற தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தைச் செய்தது. கம்பெனி கொடுத்த உரிமத்தொகை 10 லட்சம். அதில் பாதி காணிக்காரர்களுக்கு என்று ஒப்பந்தம், அதற்காக ஒரு டிரஸ்ட். பிற்பாடு அந்த ஏற்பாட்டில் எத்தனையோ சிக்கல். ஆனாலும் உலகம் முழுக்க உதாரணமாகப் பேசப்பட்ட விஷயம் அது. நாம் செய்ய நினைக்கிறதும் அந்த வகையில் இருக்கலாமே.

எனக்கு வழிகாட்டியாக வந்த காணிக்காரர் அதிருமலையில் கஞ்சி குடிக்கும்போது சொன்னார், "மேலே சாமிக்கு ஒண்ணும் வேண்டாம் சாரே. கீழே எங்க குடிக்கு ஜீப்பு வர வழி வேணும், பிரசவத்துக்கு ஆளைத் தூக்கிட்டு நடக்கிறோம்." இதைத்தான் அண்ணாச்சியிடமும் சொன்னேன்.

போனக்காட்டில் தேயிலைத் தொழிற்சாலை முடங்கி வருடக்கணக்காகிறது. லயங்களில் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன. பயணிகள் தங்க அங்கேயே நாலு கட்டடத்தைப் பழுது பார்த்து, அந்தக் குடும்பங்களையே நடத்தவிட்டால் காட்டுக்குள் ஒரு செங்கல் கூடப் போக வேண்டாம். அறிவிப்பும் முன்பதிவும் தமிழிலும் வேண்டும். மொழி புரியாமல் கிளம்பி வந்து, செக்போஸ்டில் திருப்பி அனுப்பப்பட்ட நம்ம ஆட்களை நானே பார்த்தேன். ஏற முடியாத அப்பா அம்மாவுக்கு? பாபநாசத்தில் அகஸ்தியர் அருவி இருக்கிறது, மேலே கல்யாண தீர்த்தம் இருக்கிறது. அங்கே கைப்பிடி, கழிப்பறை, நல்ல தண்ணீர் என்று செலவழித்தால் ஊரே வாழ்த்தும். அதற்கு அண்ணாச்சி நூறு ரியால் கேட்டால் நான் இருநூறு தருகிறேன்.

வரும் ஜனவரியில் ஊருக்குப் போய் ஏற நினைக்கிறவர்களுக்கு: முன்பதிவு திறந்த கொஞ்ச நேரத்திலேயே தீர்ந்துவிடும், டிக்கெட் எடுக்கும் முன்பே அந்தத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். டாக்டர் சான்றிதழ் அவசியம். இப்போதிலிருந்தே நடக்க ஆரம்பியுங்கள். மஸ்கட்டில் மாடிப்படி ஏறிப் பழகினது முட்டிடிச்சான் தேரிக்குப் பத்தாது.