ஆறப் பொறுக்க வேண்டிய குவிமாடம்

இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியாவில் பெரிய குவிமாடத்தைப் பழுதுபார்க்கும் பணி 2025-ல் தொடங்கியது. இப்படியொரு பணியில் எப்போதும் எழும் கேள்வி: ஆய்வு, அளவீடு என்று ஏன் காலத்தைக் கடத்த வேண்டும்? அந்தக் கட்டடத்தின் வரலாறே இதற்குப் பதில்.

இதைக் கட்டிய பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டீனியனுக்கு அவசரம். 532-ல் தொடங்கிய கட்டடம் 537-ல் திறக்கப்பட்டது. செங்கற்களுக்கு இடையே பூசியது செங்கல்பொடி கலந்த சுண்ணாம்புக் காரை. நம் கொத்தனார்கள் சுர்க்கி என்பார்களே, அந்த வகை. பல இடங்களில் செங்கல்லைவிடக் காரையே தடிமன். அது இறுக நெடுங்காலம் ஆகும். அடிப்பகுதி இறுகும் முன்பே மேலே பாரம் ஏறியது. தூண்கள் வெளிப்புறமாகச் சாய்ந்தன. அடுத்தடுத்த நிலநடுக்கங்களுக்குப் பின், 558-ல் குவிமாடம் சரிந்தது.

562-ல் எழுந்த புதிய குவிமாடம் முந்தையதைவிட உயரமானது. பக்கவாட்டு உந்துவிசையைக் குறைக்கச் செய்த ஏற்பாடு அது. அதிலும் மேற்குப் பகுதி 989-லும் கிழக்குப் பகுதி 1346-லும் விழுந்தன. ஆகவே, கீழே நின்று பார்ப்பவருக்கு ஒரே குவிமாடம்; உண்மையில் மூன்று வெவ்வேறு நூற்றாண்டுகளின் ஒட்டுவேலை. சுமார் 31 மீட்டர் அகலமுள்ள அது சரியான வட்டமும் அல்ல. எந்தத் துண்டு எந்தக் காலத்தது, எந்த விரிசல் பழையது, எது இன்னும் நகர்கிறது என்று தெரியாமல் கைவைப்பது, நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பது போன்றது.

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ராபர்ட் வான் நைஸ் 1937-ல் இங்கே அளவெடுக்கத் தொடங்கினார். அவருடைய வரைபடங்களின் கடைசித் தொகுதி வெளியானது 1986-ல். கட்டடத்தைக் கட்டி முடிக்க ஆறாண்டுகூட ஆகவில்லை. அளந்து வரைந்து வெளியிட அரை நூற்றாண்டு! 1990-களில் பொருத்திய நிலஅதிர்வுமானிகள், கட்டடம் எப்படி ஆடுகிறது என்பதையும் காட்டின.

இந்த அறிவு இல்லாவிட்டால் என்ன ஆகும்? பழங்காரை இருக்கும் இடத்தில் சிமென்ட்டை அடைப்பார்கள். சிமென்ட் வளைந்து கொடுக்காது, ஈரத்தையும் வெளியே விடாது. பக்கத்திலிருக்கும் பழைய செங்கல்தான் பொரிந்து உதிரும். பழுதுபார்ப்பே பழுதாகிவிடும்.

ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்க வேண்டும் என்பார்கள். ஜஸ்டீனியன் பொறுக்கவில்லை; 21 ஆண்டுகளில் குவிமாடம் கீழே கிடந்தது. திறப்புவிழாத் தேதியைக் குறித்துவிட்டு வேலையை அதற்குள் அடக்கும் பழக்கம் இந்தக் கட்டடத்துக்கு ஆகாது. அளவெடுத்து, ஆராய்ந்து, முடிவுகளை எல்லோரும் பார்க்க வெளியிட்ட பிறகே ஒரு செங்கல்லையும் அசைக்க வேண்டும்.