உப்புக்கு ஏது வாசனை?

'கடல் காற்றின் புத்துணர்ச்சி' என்று அட்டையில் அச்சடித்த சென்ட் பாட்டிலைத் திறந்தால், உப்புக் காற்று முகத்தில் அடித்ததுபோல இருக்கிறது. ஆனால் உப்புக்கு வாசனையே கிடையாது. சமையலறை ஜாடியை முகர்ந்து பார்த்தாலே தெரியும். ஆவியாகாத பொருள் மூக்கை எட்டுவது எப்படி?

நிஜக் கடற்கரையில் வீசுவது வேறு சமாச்சாரம். கடலின் நுண்ணுயிர்கள் கிளப்பிவிடும் டைமெதில் சல்பைடு என்ற கந்தகச் சேர்மம், கரை ஒதுங்கிய பாசி, கருவாடு. இதை அப்படியே சீசாவில் அடைத்தால் காசு கொடுத்து வாங்க ஆள் இருக்காது.

விலைபோகும் கடல் ஒரு மருந்துக் கம்பெனியில் பிறந்தது. 1966-ல் அமெரிக்காவின் ஃபைசர் நிறுவன வேதியியலாளர்கள், மனப் பதற்றம் தணிக்கும் மருந்துகளைத் தேடும் முயற்சியில் கண்டெடுத்த பொருள் கேலோன். மருந்தாகவில்லை, மணத்தது. தர்ப்பூசணிக் கீற்றையும் அப்போது பிளந்த சிப்பியையும் ஒன்றாக முகர்ந்தாற்போன்ற மணம். மூளை அதையே 'உப்பு' என்று படித்துக்கொள்கிறது. துளி அதிகமானால் கடல் காணாமல் போய் தர்ப்பூசணி மட்டும் மிஞ்சும்.

ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அதைப் பெரிதாக யாரும் சீந்தவில்லை. 1988-ல் அராமிஸின் 'நியூ வெஸ்ட்' தாராளமாகக் கலந்தது. 1992-ல் இஸ்ஸே மியாகேயின் 'லோ டிஸ்ஸே', 1996-ல் அர்மானியின் 'அக்வா டி ஜியோ' என்று அலை எழுந்தது. பிறகு ஷாம்பு, அறை மணமூட்டி என்று கடல் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

அதற்கு முன் வாசனைத் திரவியக்காரர்கள் நம்பியிருந்த உப்புமணம் அம்பர்கிரிஸ். பத்திரிகைகள் 'திமிங்கல வாந்தி' என்று எழுதினாலும் இது உருவாவது ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில். புதிதாக இருக்கும்போது சாணி நாற்றம். ஆண்டுக்கணக்கில் உப்புநீரிலும் வெயிலிலும் மிதந்தால்தான் மணம் கூடும். அந்த மணத்தின் சாரமான ஆம்ப்ராக்ஸை 1950-லேயே சுவிஸ் வேதியியலாளர்கள் ஒரு செடியின் சாறிலிருந்து செய்துகாட்டிவிட்டார்கள். இன்று பெரும்பாலான சென்ட்டுகளில் இருப்பது இந்தத் தொழிற்சாலைச் சரக்குதான்.

ஆனாலும் கடத்தல் ஓயவில்லை. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் அம்பர்கிரிஸ் வைத்திருப்பதே குற்றம். கரையில் கிடந்தது என்று சொன்னாலும் தப்ப முடியாது. 2021 ஜூலையில் கேரளத்தின் சேட்டுவாவில் 18 கிலோ பிடிபட்டது. அதிகாரிகள் சொன்ன மதிப்பு 30 கோடி ரூபாய். விற்க வந்தவர்கள் சிறைக்குப் போனார்கள்.