இயந்திரக் கூடத்துக்கு ஒரு நீதி, முதியோர் இல்லத்துக்கு ஒரு நீதியா?

பிறந்த நாள் வருகிறது. பெரிய மனிதர் முதியோர் இல்லத்துக்கு வருகிறார். வடை பாயசத்தோடு ஒரு வேளைச் சாப்பாடு, ஆளுக்கொரு போர்வை, பக்கத்தில் நின்று ஒரு படம், கடமை முடிந்தது. அந்தப் போர்வையை நாம் குறை கூறவில்லை. நடுங்கும் உடலுக்குப் போர்வை வேண்டும்தான். ஆனால், படம் பிடித்துக்கொண்டு திரும்பும் பெருமக்களில் ஒருவராவது, இரவில் தீப்பிடித்தால் இத்தனை பேரும் எந்த வழியாக வெளியேறுவார்கள் என்று கேட்டதுண்டா? கொல்லைப்புறக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்ததுண்டா? தருமம் செய்ய வந்தவர் கணக்குக் கேட்பதில்லை; தருமம் பெறுகிறவர் கணக்குக் கேட்க முடிவதில்லை. இருவருக்காகவும் கேட்க வேண்டியது அரசு. அது கேட்கிறதா என்பதே நம் கேள்வி.

ஆலைத் தோழர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் என்ன சொல்லிற்று? ஆள் உள்ளே இருக்கும்போது, உள்ளிருந்து உடனே திறக்க முடியாதபடி கதவைப் பூட்டக் கூடாது என்றது. கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும் என்றது. குடிதண்ணீர் இருக்குமிடத்தைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் எழுதி வைக்கச் சொன்னது. கழிவறை, வெளிச்சம், காற்று எல்லாவற்றையும் எழுதி வைத்தது. எழுதியதோடு நிற்கவில்லை, உள்ளே நுழைந்து பார்க்க ஓர் ஆய்வாளரையும் ஏற்படுத்தியது. முதலாளியின் கருணையால் வந்தவையா இவை? உலகெங்கும் ஆலைத் தீயில் வெந்தவர்களின் சாம்பலிலிருந்தும், சங்கம் கட்டிப் போராடியவர்களின் வியர்வையிலிருந்தும் வந்தவை.

முப்பது ஆண்டு அந்தக் கதவுக்குள் உழைத்தவன், முதுமையில் வேறொரு கதவுக்குள் போகிறான். அந்தக் கதவு எப்படித் திறக்கும் என்று பார்க்க எத்தனை பேர் வருகிறார்கள்?

ஏர்வாடி சொன்ன பாடம்

2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் கருகின. அதன் பிறகுதான் நாடு விழித்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே விசாரணையைக் கையில் எடுத்தது. அது முதியோர் இல்லம் அல்லவே என்பார்கள் சிலர். உண்மைதான். ஆனால் படுக்கையை விட்டு எழ முடியாத கிழவிக்கும் காலில் சங்கிலி கிடந்தவனுக்கும் தீயின் முன்னே என்ன வேறுபாடு? அவனைக் கட்டியது இரும்பு. இவளைக் கட்டியிருப்பது முதுமை.

இருபத்திரண்டு ஆண்டு கழித்து என்ன கண்டோம்? 2023 சனவரி முதல் நாள், தலைநகர் தில்லியில், வசதி படைத்தோர் வாழும் பகுதியிலிருந்த முதியோர் இல்லத்தில் தீ; மூதாட்டிகள் இருவர் மாண்டனர். அடுத்த மாதமே விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில், உரிமம் இல்லாமல் நடந்த ஓர் இல்லம் வெளிச்சத்துக்கு வந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அங்கிருந்து மீட்கப்பட்டார்கள். நூறு பேருக்கு மேல் தங்கி உண்டு உறங்கிய கட்டடம் ஒரே இரவில் முளைத்திருக்க முடியுமா? ஊரார் அறிவர், தாசில்தார் அறியவில்லையாம்!

தரம் என்பது ஏட்டுச் சொல் அல்ல, உயிர். கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் லில்-வேர்ட் என்ற சிற்றூர். 2014 சனவரி 23 நள்ளிரவு, அங்கிருந்த முதியோர் இல்லம் எரிந்தது. கட்டடம் இரு பகுதிகளைக் கொண்டது. புதிய பகுதியில் தீயைக் கண்டதும் கூரையிலிருந்து நீர் பொழியும் குழாய்கள் இருந்தன. இடையே தீத்தடுப்புச் சுவரும் இருந்தது. பழைய பகுதியில் அந்தக் குழாய்கள் இல்லை. பழைய பகுதி சாம்பலாயிற்று, 32 முதியோர் மாண்டனர்; புதிய பகுதி நின்றது. ஒரே இல்லம், ஒரே இரவு, ஒரே தீ. இதற்கு மேலும் சான்று வேண்டுமா?

'கூடும்' என்ற சொல்

நம் நாட்டில் சட்டமே இல்லையா? இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாவது என்ற கணக்கில், குறைந்தது 150 ஏழை முதியோர் தங்கும் இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. கவனியுங்கள் தோழர்களே, 'அமைக்கலாம்'. 'அமைத்தே ஆக வேண்டும்' அல்ல. அதன்படியே அமைத்தாலும் தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களுக்கு 5,700 இடங்கள். 2011 கணக்கெடுப்பிலேயே இங்கு அறுபது வயது கடந்தோர் ஏறத்தாழ 75 லட்சம் பேர்! எல்லோருக்கும் இல்லம் வேண்டியதில்லை என்பது நமக்கும் தெரியும். ஆயினும் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட இடம் போதாது என்றால், மற்றவர்கள் எங்கே போவார்கள்? கிடைத்த இடத்துக்குப் போவார்கள். அது எப்படிப்பட்ட இடம் என்று கேட்கும் நிலையில் அவர்கள் இருக்க மாட்டார்கள்.

இல்லங்களையெல்லாம் பதிவு செய்து, குறைந்தபட்சத் தரத்தை வகுக்க வேண்டும் என்று 2019 டிசம்பரில் மக்களவைக்கு ஒரு திருத்த மசோதா வந்தது. வந்தது, நிலைக்குழுவுக்குப் போனது, 2024இல் அந்த மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியாகிவிட்டது. எத்தனையோ மசோதாக்களை ஒரே நாளில் நிறைவேற்றத் தெரிந்த அவைக்கு, இதற்கு நாலு ஆண்டுக்கு மேல் கிடைத்தும் நேரம் போதவில்லை!

சொல்லும் சமாதானங்கள்

"பெற்றோரைக் காப்பது பிள்ளையின் கடமை, இல்லமென்பது நம் பண்பாடே அல்ல" என்று பேசுவோர் உண்டு. பத்தடி அறையில் ஐந்து பேர் படுக்கும் குடும்பத்தைப் பார்த்து இதைச் சொல்லட்டும். பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போன பிள்ளையிடம் சொல்லட்டும். பிள்ளையே பெறாதவரிடம் சொல்லட்டும். பண்பாடு பேசுவது எளிது. படுக்கைப் புண்ணுக்கு மருந்து போடுவது அரிது.

"விதிகளை அடுக்கினால் ஏழை இல்லங்கள் மூடப்படும்" என்பது இன்னொரு வாதம். இதில் நியாயம் இருக்கிறது. நல்ல மனத்தோடு சிறிய வீட்டில் பத்துப் பேரைக் காப்பவரை நாம் தண்டிக்கச் சொல்லவில்லை. சாய்தளம் கட்டவும் மின்கம்பிகளை மாற்றவும் பணமில்லையெனில் அரசு உதவட்டும். உதவிய பிறகும் மறுத்தால், முதியோரை வேறு நல்ல இடத்தில் சேர்த்துவிட்டுப் பூட்டட்டும். ஏழைக்கு இது போதும் என்ற எண்ணத்தைத்தான் நாம் ஏற்க மறுக்கிறோம்.

"பணம் கொடுத்தால் தரம் தானே வரும்" என்பது மூன்றாவது வாதம். பிரான்சு நாட்டில் பெருங்கட்டணம் வாங்கிய ஓர்பியா என்ற கம்பெனியின் இல்லங்களில் உணவும் உறிஞ்சு துணியும்கூட அளந்து சுருக்கப்பட்டதை 2022இல் ஒரு பத்திரிகையாளரின் நூல் அம்பலப்படுத்தியது. கம்பெனி கடனில் தத்தளித்து, கடைசியில் அரசுசார் நிதி நிறுவனத்தின் தலைமையில் மீட்கப்பட்டது. இலாபம் என்றால் அது கிழவனின் தட்டிலிருந்தும் எடுக்கும். ஆயாவின் கூலியிலிருந்தும் எடுக்கும்.

ஆம், ஆயாவை மறக்கக் கூடாது. அசைய முடியாதவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகு புண்ணாகும். இரவு முழுதும் முப்பது பேருக்கு ஒரே பெண் என்றால், அவளால் யாரைப் புரட்ட முடியும்? பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கிக் கால் வயிற்றுக் கூலி கொடுத்துவிட்டு, அன்பாக நடந்துகொள் என்று அவளுக்கு உபதேசம் செய்வது அக்கிரமம். பணிப்பெண்ணின் உரிமையும் முதியவரின் பாதுகாப்பும் ஒரே கயிற்றின் இரு இழைகள்.

நாம் கேட்பவை இவை: எல்லா இல்லங்களின் பதிவையும் ஆண்டுதோறும் சரிபார்த்து, பட்டியலை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். நடக்க முடியாதவருக்குத் தரைத்தளம், இரண்டு வெளிவழிகள், வழுக்காத தரை, கழிவறையில் கைப்பிடி வேண்டும். இரவுப் பணிக்குப் போதிய ஆள் வேண்டும். மாதந்தோறும் ஒவ்வொருவரையும் நிறுத்து எடையைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். பசியை மறைக்க வாய்க்கு முடியும், தராசுக்கு முடியாது. ஒவ்வொரு மரணத்தையும் வெளி மருத்துவர் ஒருவர் பார்க்க வேண்டும். முன்னறிவிப்பின்றி நுழையும் ஆய்வாளர் வேண்டும். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இவற்றைக் கேட்போம்.

கிளைத் தோழர்களுக்கும் வேலை உண்டு. உங்கள் பகுதியில் உள்ள இல்லங்களைக் கணக்கெடுங்கள். பதிவு உண்டா என்று கலெக்டர் அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். அங்கே இருப்போரிடம் அனுமதி பெற்று, அமர்ந்து பேசுங்கள். என்ன சாப்பிட்டார்கள், யார் பார்க்க வந்தார்கள் என்று கேளுங்கள். நெய்தவர்களும், சுமந்தவர்களும், வயலில் குனிந்தவர்களும் அங்கே படுத்திருக்கிறார்கள். அவர்கள் ஊர்வலம் வர முடியாது, முழக்கமிட முடியாது, வேலைநிறுத்தம் செய்ய முடியாது. அவர்களுக்காக அதைச் செய்யும் கால்களும் குரலும் நம்மிடம் இருக்கின்றன.